புரிஞ்சுது டீச்சர்

கணக்கு டீச்சருக்கு ஒரே ஒரு மனக்குறை. எதை நடத்தினாலும் கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். "புரிஞ்சுது டீச்சர்" என்று கூரை அதிரப் பதில் வரும். பரீட்சைத் தாளைத் திருத்த உட்கார்ந்தால்தான் வண்டவாளம் தெரியும். பின்னக் கணக்கில் பாதி வகுப்பு குப்புற விழுந்து கிடக்கும். எந்த இடத்தில் தடுக்குகிறது என்று ஒரு பிள்ளையாவது வாய் திறந்து சொன்னால் அல்லவா கைகொடுத்துத் தூக்கலாம்? முன் பெஞ்சில் ஒரு வாயாடி உண்டு. அவள் வாசலில் நுழைந்தாலே மாடிக்குக் கேட்கும். கணக்கு பீரியடில் அவளும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வாள். இப்படியே மேல் வகுப்புக்குப் போனால் இதுகள் என்ன பாடுபடுமோ என்ற கவலை டீச்சரை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கைவேலை டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். தலைமையாசிரியை அந்த பீரியடைத் தூக்கி இவர் தலையில் கட்டிவிட்டார். காகிதத் தவளை செய்ய வேண்டுமாம். தனக்கு அதெல்லாம் வராது என்று இவர் சொல்லிப் பார்த்தார். பேப்பர் மடிப்பது என்ன பிரம்ம வித்தையா, படம் போட்ட புத்தகம் இருக்கிறது, பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார். சொல்கிறவர்களுக்கு என்ன!

ஆரம்ப மடிப்புகள் சுலபம். கணக்கு டீச்சர் ஆயிற்றே, விளிம்போடு விளிம்பு வைத்து நகத்தால் நீவினார், இம்மி பிசகவில்லை. வினை அதற்கப்புறம்தான். ஒரு படத்தில் காகிதம் தட்டையாகக் கிடக்கிறது. அடுத்த படத்தில் முக்கோணமாக நிற்கிறது. நடுவில் என்ன நடந்தது என்பதைப் புத்தகம் போட்ட புண்ணியவான் தன்னோடு வைத்துக்கொண்டான். டீச்சர் திருப்பினார், கவிழ்த்தார், அமுக்கினார். காகிதம் கிழிந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒப்பேற்றிவிட்டு, பழக்கதோஷம், "புரிஞ்சுதா?" என்றும் கேட்டுவிட்டார்.

"புரிஞ்சுது டீச்சர்!"

டீச்சர் தன் கையில் இருந்த கந்தலைப் பார்த்தார். பெஞ்சுகளைப் பார்த்தார். அங்கேயும் அதே கந்தல்தான்.

"எனக்கே புரியல. உங்களுக்கு மட்டும் எப்படிப் புரிஞ்சுது?"

வாயாடி எழுந்தாள்.

"எங்களுக்கும் புரியல டீச்சர். நீங்க கேட்டா அப்படித்தான் சொல்லணும்னு நினைச்சோம்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. பிறகு சிரிப்பு வந்தது பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிற்கவில்லை. வாயாடியை நகரச் சொல்லி அதே பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பக்கத்தை இவர் உள்ளே தள்ள, மறுபக்கத்தை அவள் தள்ள, காகிதம் தானாகவே முக்கோணமாகப் படுத்துக்கொண்டது. வகுப்பே மேலே வந்து கவிழ்ந்தது. அன்று டீச்சரின் தவளை பின்பக்கமாகத்தான் குதித்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் பின்னக் கணக்கு. நடத்தி முடித்தார். இன்றைக்கும் பழைய பாட்டையே பாடிவிட்டால்? இருந்தாலும் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நாலைந்து குரல்கள் "புரிஞ்சு..." என்று ஆரம்பித்து நடுவழியில் நின்றன.

"புரியல டீச்சர்," என்றாள் வாயாடி. "கீழே இருக்கிற நம்பரை எதுக்கு ஒண்ணாக்குறோம்?"

அவ்வளவுதான், மடை திறந்தது. அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை. கடைசி பெஞ்சில் ஒருவன் தனக்குப் போன வருஷத்திலிருந்தே புரியவில்லை என்றான்.

சாயங்காலம் டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அடுப்படியில் நின்ற கணவரிடம் போய்ச் சொன்னார்.

"ஏங்க, இன்னைக்கு என் கிளாஸ்ல ஒருத்தருக்கும் ஒண்ணுமே புரியலையாம்!"

பாவம், அந்த மனுஷன் பதறிப்போய் அடுப்பை அணைத்தார். அப்புறம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.