ஏர் ஃபிரையர் கட்-அவுட்டும் ஒரு முகூர்த்தப் புடவையும்

சூடாவதற்கென்றே செய்த பொருளை, சூடாகிறது என்று கொண்டுவந்து வைப்பார்கள். அடுப்படிச் சாமான் ரிப்பேர் செய்யும் உங்களுக்கும் இது பழகியிருக்கும்.

பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு ஏர் ஃபிரையர் வந்தது. ஐந்து நிமிடத்தில் சூடு ஏறி நின்றுவிடுகிறதாம். பின்பக்கம் காற்று வெளியேறும் பதினான்கு துவாரங்களில் பதினொன்றைச் சந்தனமும் குங்குமமும் அடைத்திருந்தன. சுரண்டி எடுத்ததும் சரியாகிவிட்டது. கொண்டுவந்த அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"தறிக்கு வெச்சோம், மிக்சிக்கு வெச்சோம், இதுக்கு மட்டும் வெக்காம வுட்டா நல்லாருக்குமாபா?"

நல்ல பிள்ளை

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து தேவகி வந்தார். அவரும் கணவரும் ஒரே தறியில் நெய்கிறவர்கள். கணவருக்கு இதயத்தில் அடைப்பு. எண்ணெய் ஆகாது என்று மகள் வாங்கிக் கொடுத்த ஏர் ஃபிரையர், ஒன்பது நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

கடையில் நான்கு முறை, முறைக்கு இருபது நிமிடம் ஓட்டினேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. வீட்டில் எங்கே வைத்து ஓட்டுகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் வீட்டு விஷயத்தைக் கேட்கக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

"உங்க கடையில நல்ல புள்ளயா இருக்குதுண்ணே, எங்க ஊட்டுக்கு வந்தாத்தான் அடம் புடிக்குது."

நாலு நாள்

ஆறாம் நாள் திரும்ப வந்தார். தறியில் முகூர்த்தப் புடவை. நாலு நாளில் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டும், அடுப்படியில் நிற்க நேரமில்லை என்றார். சூடு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட் பழுதாகியிருக்கும் என்று நினைத்தேன். புதிது சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். அதைக் கழற்றிவிட்டு, இரண்டு ஒயரையும் நேராகச் சேர்த்துவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் நான் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான். அவரிடம் சொல்லவில்லை.

"நாலு நாள் ஓடினா போதும்ண்ணே, அப்புறம் அதுக்கு லீவு குடுத்துடறேன்."

பழைய வேட்டி

மூன்றாம் நாள் அவர் கணவர் வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். தறிக்கு இரண்டடி தள்ளி ஏர் ஃபிரையர். பட்டில் ஆவி படக்கூடாது என்று, ஓடும்போதெல்லாம் பழைய வேட்டியை நாலாக மடித்துப் பின்பக்கம் போர்த்தியிருக்கிறார்கள். கட்-அவுட்டில் பழுதே இல்லை. ஒவ்வொரு முறையும் அது சரியாகத்தான் நிறுத்தியிருக்கிறது. அது இல்லாமல் ஓடியதில் வேட்டி கருகிவிட்டது. தேவகி பிளக்கைப் பிடுங்கியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சந்தன நிறப் புடவையில் மட்டும் மூன்று முழத்துக்குப் புகைக்கறை. நெய்ய வேண்டியது அரை முழம்தான் பாக்கி.

"மூடினது நாங்கதானே, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் தேவகி.

தலையைக் குனிந்துகொண்டு ஒயர் விஷயத்தைச் சொன்னேன்.  அவர் புடவையில் கறை பட்ட இடத்தைத் தடவினார்.

"இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா, துணிய எடுத்திருப்போமே."

இப்போதெல்லாம் இந்தக் கிழவர் ரிப்பேர் செய்வதைவிட விசாரணை செய்வதுதான் அதிகம் என்று என் கடைக்கு வருகிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.