சம்மனசுப் பாட்டும் மீன்காரம்மா பாட்டும்

அந்தச் சவப்பெட்டிக்கு வெள்ளை வண்ணம் அடித்திருந்தார்கள். ஒரே ஆள் கைகளில் ஏந்திக்கொண்டு போய்விடலாம், அவ்வளவு சிறியது. அறுபதுகளில் ராயபுரத்து மாதா கோயில் பாடற்குழுவில் இருந்த எங்களுக்கு அந்த மாதிரிப் பெட்டிகள் பழகிப்போயிருந்தன. பேதி, அம்மை, காய்ச்சல் என்று ஏதாவதொன்று பிள்ளைகளைக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. அவர்களுக்கென்றே ஒரு பாட்டு வைத்திருந்தோம். பிள்ளை வானதூதர்களான சம்மனசுகளோடு பூந்தோட்டத்தில் விளையாடுகிறது, அதற்குப் பசியில்லை, நோவில்லை, தாயே அழாதே என்று போகும். இனிமையான மெட்டுதான். பாடிப் பாடி எனக்கு அலுத்துவிட்டது. வாய் தன்பாட்டுக்குப் பாடும், மனம் எங்கோ இருக்கும்.

அன்று பெட்டிக்குள் கிடந்தவன் என் அத்தையின் நான்கு வயது மகன். தொண்டை அடைப்பான் நோய் அவனைக் கொண்டுபோயிருந்தது. அத்தை அதுவரை அழவே இல்லை. வீட்டு வாசலில் நின்று நாங்கள் பாடத் தொடங்கியதும் கையை உயர்த்தினாள்.

“போதும், நிறுத்துங்க. எம்புள்ள இருட்டுல கொல்லப்பக்கம் போவவே பயப்புடுவான். அம்மாந்தூரம் யாரு அவன இட்டுனு போவா? உங்க பாட்டுல அது கீதா?”

“சம்மனசு வந்து கூட்டிப் போகும்மா” என்றார் ஜெபம் சொல்ல எங்களோடு வந்திருந்த கோயில் உபதேசியார், தயங்கித் தயங்கி.

“தெரியாதவங்ககிட்ட அவன் போவ மாட்டான்.”

அடுத்த வீட்டு மீன்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டியருகே உட்கார்ந்தாள். முந்தின வருஷம் அவளுடைய மூத்த மகன் கட்டுமரத்தில் போனவன் திரும்பவில்லை. அத்தை மகனை எந்நேரமும் இடுப்பில் சுமந்து திரிந்தவன் அவன்தான். மீன்காரம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்:

“எம்மவன் முன்னால கீறான் என் ராசா, உனுக்கு அவன தெரியும் என் ராசா, இடுப்புல தூக்கிக்குவான் என் ராசா, இருட்டு உனுக்கு பயமில்ல…”

அத்தை அலறிக்கொண்டு அவள் மடியில் விழுந்தாள். சிலுவைக்கு முன்னால் இதென்ன பாட்டு என்று யாரோ முணுமுணுத்தார்கள். உபதேசியார் ஜெபப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் அழுது முடிக்கும்வரை வெயிலிலேயே நின்றார்.

கல்லறைத் திருநாளில் அத்தை தன் மகனின் குழிமேட்டில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள். இரண்டாவது யாருக்கென்று கேட்டேன்.

“இட்டுனு போனவனுக்கு. அந்தப் புள்ளைக்கு ஏது குழி, கடல்தான?”

அந்த இரண்டு பெண்களும் இன்றில்லை. அப்படிப் பிள்ளைகள் சாவது குறைந்துவிட்டது, பாடற்குழுவுக்கு அந்தப் பாட்டே தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று இத்தனை வயதாகியும் எனக்கு விளங்கவில்லை. முழங்கால் வலியோடு வருஷந்தோறும் போய் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். கடற்காற்றில் ஒன்று அணைந்துவிடுகிறது. மறுபடி குனிந்து ஏற்றுகிறேன்.