லொரெட்டா நடக்க மாட்டாள்

லொரெட்டா வாசெக்கைப் பிடிவாதக்காரி என்பார்கள் எங்கள் ஊரில். திமிர் பிடித்தவள் என்பவர்களும் உண்டு. சொல்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் பல கோடைகளாக அவளோடு ஒரே சாஃப்ட்பால் அணியில், பேஸ்பால் மாதிரியான ஆட்டம், ஆடுகிறேன். எனக்கு வித்தியாசம் தெரியும்.

அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் சோளக்காடுகளுக்கு நடுவே ஓடும் சரளை ரோடுகளைச் சமப்படுத்தும் பெரிய வண்டியை ஓட்டுகிறாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வியாழக்கிழமை மாலையானால் புழுதித் தலையோடு நேரே மைதானத்துக்கு வந்துவிடுவாள். எங்கள் லீகில் ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி மட்டை பிடிப்பார்கள். பெண் மட்டையோடு வந்து நின்றாலே எதிரணியில் ஒருவன் "உள்ள வாங்கடா!" என்று கத்துவான். தூரத்தில் நிற்பவர்கள் எல்லாம் சாவகாசமாக முன்னால் நடந்து வருவார்கள். எனக்கு அது பழகிவிட்டது. அவளுக்குப் பழகவேயில்லை.

கொடுமை என்னவென்றால், அவர்கள் முன்னால் வந்தது சரியாகத்தான் இருந்தது. நாங்கள் ஆடும் ஸ்லோபிட்ச் வகையில் பந்து மெதுவாக மேலே ஏறி மெதுவாக இறங்கும். பார்க்கச் சுலபம், அதுதான் அதன் சூழ்ச்சி. பந்து உச்சியில் இருக்கும்போதே லொரெட்டா மட்டையை வீசத் தொடங்கிவிடுவாள். பந்து வந்து சேர்வதற்குள் கையில் வலு தீர்ந்துவிடும். பந்து செத்துப்போய் உருளும்.

குளிர்காலம் முழுக்கத் தன் கொட்டகையில், ரோடு வேலைக்கு வைக்கும் ஆரஞ்சுக் கூம்பின் மேல் பந்தை வைத்து, தொங்கவிட்ட பழைய கம்பளத்தில் அடித்துப் பழகினாள். இடுப்பைத் திருப்பி அடிக்க வந்துவிட்டது. பொறுமைதான் வரவில்லை. பனி கரைந்ததும் என்னைப் பந்து வீசச் சொன்னாள். ஆட்டத்தில் எங்கள் எல்லார் வாயிலும் சூரியகாந்தி விதை இருக்கும். அதிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பந்து உச்சிக்குப் போனதும் விதையைக் கடி, தோலைத் துப்பு, அப்புறம் அடி. துப்பாமல் கை அசையக் கூடாது.

ஆகஸ்டில் அரையிறுதி. கடைசி இன்னிங்ஸ், எங்களுக்கு இரண்டு அவுட், மூன்றாவது விழுந்தால் ஆட்டம் முடிந்தது; ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். நான் மூன்றாம் பேஸில்; அங்கிருந்து ஓடி, மட்டை பிடிக்கும் இடத்தைத் தொட்டால் ஒரு ரன். மட்டை பிடிக்க வந்தவன் எங்கள் கேப்டன் கர்ட் ஹோலப், பெரிய அடிக்காரன். அவனுக்கு வேண்டுமென்றே மட்டைக்கு எட்டாதபடி அகலமாகப் போட்டு, அடிக்காமலே பேஸுக்கு நடக்க விட்டார்கள். அடுத்து வரும் பெண்ணைச் சுலபமாக அவுட்டாக்கிப் பிடிப்பதற்காக ஆணை இப்படி நடக்க விட்டால் எங்கள் விதிப்படி அவனுக்கு இரண்டு பேஸ். இரண்டு அவுட் ஆகியிருந்தால் அடுத்து வரும் பெண்ணும் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கலாம். அல்லது அடிக்கலாம்.

அடுத்தவள் லொரெட்டா.

"என்னம்மா, நடக்கறியா?" என்றார் நடுவர்.

"அடிக்கறேன்."

இரண்டாம் பேஸிலிருந்து கர்ட் குதித்தான். "உனக்கென்ன பைத்தியமா? அடுத்தது பிரெட்! அவன் பாத்துக்குவான், நீ பேசாம நட!"

"பிரெட் அவன் முறைக்கு அடிக்கட்டும். இது என் முறை."

"அவுட் ஆனேன்னு வை, இந்த டீம்ல உனக்கு எடம் கெடையாது!"

"சரி. இப்ப வாய மூடிட்டு ஓட ரெடியா நில்லு."

அணி தொடங்கியதிலிருந்து ஆடுபவள் அவள். இவன் போன வருடம் வந்தவன்.

"உள்ள வாங்கடா!" வலது பக்கம் தூரத்துப் புல்லில் நிற்க வேண்டிய நெட்டையன் கிட்டத்தட்ட பேஸ்களைச் சுற்றியுள்ள மண் தரை வரைக்கும் வந்து, கையுறையைக் கழற்றி முதுகைச் சொறிந்தான். "அம்மணி, நடந்துருந்தா காலுக்கு நல்லது!"

முதல் பந்துக்கு அவசரப்பட்டாள், பந்து கோட்டுக்கு வெளியே போய் ஃபவுல். பெஞ்சில் யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். கர்ட் வானத்தைப் பார்த்தான்.

இரண்டாவது பந்து ஏறியது. அவள் தாடை அசைந்தது. தோலைத் துப்பினாள். பந்து இறங்கி, இனி தவறவிடுவாள் என்று எனக்கு உயிர் போகும் சமயத்தில் அடித்தாள். நெட்டையன் திரும்பி ஓடினான். பந்து அவன் தலைக்கு மேல் போய் வெறும் புல்லில் விழுந்து வேலி வரை உருண்டது. நான் ஓடி வந்து மட்டை பிடிக்கும் இடத்தைத் தொட்டேன். பின்னாலேயே கர்ட்டும் வந்தான். ஜெயித்துவிட்டோம். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

கர்ட் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளிடம் ஓடினான். "அடுத்த வாரம் ஃபைனல்லயும் நீ எனக்குப் பின்னாடிதான்!"

லொரெட்டா அவன் கையை விலக்கினாள்.

"இல்ல, முன்னாடி. என்னை நடக்க விட்டுட்டு உன்னப் புடிக்கட்டும்."