அடிமனை நீங்கலாக

வேலாயுதம் தன் தங்கைக்குத் தரையே இல்லாத வீட்டைப் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார் என்று காஞ்சிபுரத்தில் ஒரு பேச்சு. டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது அது அவ்வளவுதான் இருந்தது. பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள், தெரிந்தேதான் கொடுத்தார் என்று வளர்ந்தது. ராஜ வீதியைத் தாண்டியபோது தங்கையும் கூட்டாளி ஆகிவிட்டாள். அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து அந்த வீட்டை மெத்தைக்கடை கௌஸ் பாஷாவின் தலையில் கட்டப் பார்த்தார்களாம்.

விசாரித்துப் பார்த்ததில் முதல் பகுதி உண்மை. அந்த வீட்டுக்கு நிஜமாகவே தரை கிடையாது. கடைசிப் பகுதி சுத்தப் பொய். நடுவில் இருப்பதைத்தான் யாராலும் முடிவு செய்ய முடியவில்லை. மறுத்துச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் வேலாயுதம். அவரோ மறுக்கவில்லை. கேட்டால் லேசாகச் சிரித்து மீசையைத் தடவிக்கொண்டார்.

வேலாயுதம் ஒரு தனியார் பேருந்துக் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வாலாஜாபாத், பழைய சீவரம், திருமுக்கூடல் என்று அவர் ஒலிபெருக்கியில் சொன்னால் நிலையமே நிமிர்ந்து பார்க்கும். வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாத நாளிலும் ‘வந்துகொண்டே இருக்கிறது’ என்று தயங்காமல் சொல்ல வேண்டும் என்பது அவர் தொழிலில் கற்ற பாடம். தயங்கினால் கூட்டம் எதிர்க் கம்பெனி வண்டியில் ஏறிவிடும்.

ஓய்வுக்குப் பிறகு அதே குரலை டீக்கடையில் நிலச் சட்டத்துக்குத் திருப்பிவிட்டார். பட்டா என்றால் என்ன, சிட்டா என்றால் என்ன, தாய்ப்பத்திரத்துக்குத் தாய் யார் என்றெல்லாம் விளக்கினார். “வில்லங்கச் சான்று வாங்கிட்டோம்னா வில்லங்கம் கிட்டவே வராதுப்பா” என்பார், ஏதோ தடுப்பூசி போட்டுக்கொண்ட மாதிரி. பதிவான அடமானமும் விற்பனையும் மட்டுமே அந்தச் சான்றில் தெரியும், பதியாத தகராறு எதுவும் அதில் ஏறாது என்பதை அவரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை.

பாகப்பிரிவினை நடந்தது பதினைந்து வருடத்துக்கு முன். அப்பாவின் காரியம் முடிந்து, முசரவாக்கத்து உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். சொத்து இரண்டு. முசரவாக்கத்தில் கொஞ்சம் புஞ்சை, டவுனில் அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீடு. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் பிரிப்பார், இளையவர் முதலில் எடுப்பார். பிரிக்கிறவர் எந்தப் பங்கு தனக்கு வரும் என்று தெரியாமலே பிரிப்பதால் கை கோணாது என்பது கணக்கு. தங்கை பெரியநாயகி எதை எடுப்பது என்று யோசிக்க, அப்பாவின் கிரயப் பத்திரத்தை வேலாயுதம் உரக்கப் படித்தார்.

“மேற்படி வீட்டில் அடிமனை நீங்கலாக, கட்டடமும், கதவு ஜன்னல் நிலைகளும்...”

“அடிமனைன்னா இன்னாண்ணா?” என்றாள் பெரியநாயகி.

வேலாயுதத்துக்குத் தெரியவில்லை. கூடம் நிறைய ஆட்கள். எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நொடிதான்.

“அது ஒண்ணும் இல்லமா. எல்லாப் பத்திரத்துலயும் போடுற வார்த்தைதான். பக்கத்துக்கு இவ்ளோன்னு கூலி வாங்குறான் இல்ல, எய்துறவன் நீட்டத்தான் செய்வான்.”

கூடமே சிரித்தது. பெரியநாயகியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வீட்டை எடுத்துக்கொண்டாள். நிலம் வேலாயுதத்துக்கு வந்தது. சில வருடம் கழித்து அதை மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கு விற்று, மகனுக்கு ஒரகடத்தில் அடுக்குமாடி வீடு வாங்கிக் கொடுத்தார்.

அடிமனை என்பது வீட்டுக்கு அடியில் இருக்கும் மனை. அது கோயிலுடையது. அப்பா வாங்கியது மேலே நின்ற கட்டடத்தை மட்டும். இதில் ரகசியம் எதுவும் இல்லை. கோயில் ஆள் வருடா வருடம் வந்து அதற்கு வாடகை வாங்கிக்கொண்டுதான் இருந்தார். வந்தது ஆடி மாதத்தில், குங்குமப் பொட்டலத்தோடு. ஆகவே அது திருவிழா வரி என்று அப்பா நினைத்தார், மகளும் நினைத்தாள். ‘தரை வாடகை’ என்று அச்சடித்த ரசீதைப் படிக்காமல் கண்ணில் ஒற்றி, அம்மன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். வாடகை ரசீதைக் கும்பிட்ட குடித்தனக்காரி வேறு எந்த ஊரிலாவது இருப்பாளா என்பது சந்தேகம்.

போன வருடம் பெரியநாயகி வீட்டை விற்க முடிவு செய்தாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓசூரில் இருக்கும் மகள் அபிநயா, ‘தனியா இன்னாமா பண்ற, இங்க வந்துடு’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பஞ்சு மூட்டை அடுக்க இடம் தேடிக்கொண்டிருந்த கௌஸ் பாஷா வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பத்திரங்களை வக்கீல் பிரியதர்ஷினியிடம் காட்டினார்கள். விவரம் தெரிந்தவர் என்று வேலாயுதமும் கூடப் போனார்.

“சார், கட்டடம் மட்டும்தான் இவங்களுது. மனை கோயிலோடது” என்றார் வக்கீல்.

“வீட்டு வரி எங்க பேர்லதாம்மா கட்டுறோம். கரண்டும் எங்க பேர்லதான் இருக்குது.”

“வரி கட்டடத்துக்கு சார். கரண்டு பல்புக்கு.”

“செரி, கோயில்ல சொல்லி மனையையும் எய்தி வாங்கிக்கினா ஆச்சு.”

“முடியாது சார். சட்டத்துல சாமி மைனர். பாத்துக்கறவங்க நெனச்சபடி சாமி சொத்தை வித்துட முடியாது.”

“ஆயிரம் வருசமா ஊரையே காப்பாத்துற ஆத்தா மைனரா?”

“எத்தனை வருசம் ஆனாலும் மேஜர் ஆக மாட்டாங்க சார்.”

கௌஸ் பாஷா தாடியைச் சொறிந்துகொண்டார். “எங்க மசூதி வக்ஃபு நெலமும் இப்பிடித்தான் கஷ்டம். மன்னிச்சுக்கோங்கக்கா. தரை இல்லாம பஞ்சு மூட்டைய எங்க அடுக்குவேன்?”

அவர் மனத்தில் எதுவும் இல்லை. ஆனால் மெத்தைக்கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். அங்கிருந்து கிளம்பியதுதான் அந்தப் பேச்சு.

டீக்கடையில் வேலாயுதத்தின் காதுபடவே, “ஆளு லேசுப்பட்டவன் இல்லபா, அப்பவே நெலத்த அமுக்கினான் பாரு” என்றார்கள். அதைக் கேட்டு அவருக்குக் கோபம் வரவில்லை. சொல்ல வெட்கம்தான், உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. இருந்தது இரண்டே வழி. தெரிந்து செய்தார் என்றால் ஏமாற்றுக்காரர். தெரியாமல் செய்தார் என்றால், இத்தனை நாள் டீக்கடையில் பேசியதெல்லாம் என்ன? ஏமாற்றுக்காரனுக்குத் தெருவில் ஒரு மரியாதை இருக்கிறது. தெரியாதவனுக்கு எந்தத் தெருவிலும் கிடையாது. அவர் மௌனமாக மீசையைத் தடவினார்.

மௌனத்தின் செலவு தங்கையின் கணக்கில் ஏறியது என்பது ஆனியில் தெரிந்தது. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அண்டா குண்டான்கள் பல வருடமாகப் பெரியநாயகி வீட்டில்தான் இருந்தன. தெருப் பெண்கள் இரண்டு பேர் வந்து, “ஒனக்கு எதுக்குக்கா சிரமம்” என்று எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். போகும்போது ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார்களாம்.

அதைக் கேட்ட வேலாயுதம் அன்று டீக்கடைக்குப் போகவில்லை. மாலையே தங்கை வீட்டுக்குப் போனார்.

“வா” என்றாள். வழக்கமாகக் கூட வரும் ‘அண்ணா’ வரவில்லை.

“நான் தெரிஞ்சி பண்ணலமா.”

“இன்னா தெரியல?”

“அந்த வார்த்தை. அன்னிக்கி நீ கேட்ட இல்ல? எனக்கு அதுக்கு அர்த்தமே தெரியாது.”

தெரிந்து செய்தார் என்றால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது போலிருந்தது.

“தெரியாதுன்னு சொல்லியிருந்தா இன்னாண்ணா கொறஞ்சி போயிருக்கும்? நாலு பேரைக் கேட்டிருப்போம். அப்பவும் நான் இந்த வூட்டையே எடுத்திருப்பேனோ இன்னாவோ. தெரிஞ்சி எடுத்திருப்பேன் இல்ல?”

“ஈடு குடுக்க எங்கிட்ட நெலமும் இல்லமா...”

“நெலத்த யாரு கேட்டா? ஊரே என்னைத் திருடின்னு சொல்லிக்கினு இருக்குது. நீ தனியா வந்து எங்காதுல சொன்னா யாருக்கு ஆவும்? அன்னிக்கி அத்தினி பேரு முன்னாடி படிச்ச இல்ல? அதே மாதிரி தெருவுல நின்னு சொல்லு. ‘எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது’ன்னு. அத்தோட தீந்துபோச்சு.”

“கூழ் ஊத்துற அன்னிக்கிச் சொல்றேன்” என்றார் வேலாயுதம். மனதாரத்தான் சொன்னார்.

அன்று தெரு முழுக்க வந்திருந்தது. வேலாயுதம் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். கூட்டம் திரும்பியது. யாரோ ஒருவர் முந்திக்கொண்டு, “அண்ணா, கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவா மாத்தணும்னா எங்க போவணும்?” என்று கேட்டார். பத்துப் பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள். வேலாயுதத்துக்கு அதுவும் சரியாகத் தெரியாது. ஆனாலும் விளக்கினார், நன்றாகவே விளக்கினார். விளக்கி முடித்தபோது பெரியநாயகி வரிசையில் மற்றவர்களைப் போலத் தூக்குவாளியோடு நின்று, கூழை வாங்கிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குள் போய்விட்டிருந்தாள்.

ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அவள் போன் செய்கிறாள். உடம்பு எப்படி என்று கேட்பதில்லை.

“சொல்லிட்டியா?”

“சொல்றேன்மா.”

“செரி” என்று வைத்துவிடுகிறாள்.