மாஸ்டர் நிமிர்த்தும் ஆட்கள்

“குடு, குடு. மூக்கு இப்படியா இருக்கும்?” என்று கேட்டுக்கொண்டே குழந்தையின் கையிலிருக்கும் களிமண் தலையை வாங்கிவிடுவார் மாஸ்டர். கட்டைவிரலால் ஒரே இழுப்பு. கூரான மூக்கு வந்துவிடும். அடுத்த மேசையிலும் அதே இழுப்பு, அதே மூக்கு. பிறகு பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் சட்டையில் கையைத் துடைத்துக்கொள்வார். அவருடைய சலவைச் சட்டையில் இதுவரை ஒரு பொட்டு மண் பட்டதில்லை.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு மனித உருவம் செய்யக் கற்றுக்கொடுக்கிறார். அந்த வயதில் தலையிலிருந்தே கால் முளைக்கும். கைக்கு விரல்கள் ஏழோ எட்டோ இருக்கும். மாஸ்டருக்குப் பொறுக்காது. “கழுத்து எங்க? வீட்லயே மறந்து வச்சிட்டு வந்துட்டியா?” என்பார். அதற்கு அவர் மட்டுமே சிரிப்பார். வகுப்பு முடியும்போது மேசை முழுக்க ஒரே அச்சில் வார்த்த ஆட்கள் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். அழைத்துப் போக வரும் பெற்றோருக்குப் பூரிப்புத் தாங்காது. “எல்லாம் பிள்ளைங்க கைத்திறமை சார். நான் சும்மா பக்கத்துல நிக்கிறேன், அவ்வளவுதான்” என்று கூசாமல் சொல்வார். என் மகள் செய்ததாக அப்படி ஓர் ஆளை என் கையிலும் கொடுத்திருக்கிறார்.

ஒருநாள், மாலையில் நடக்கும் கண்காட்சிக்காக எல்லோரையும் அவரவர் அப்பாவைச் செய்யச் சொன்னார். இரட்டைச் சடைக்காரி ஒருத்தி ஒரு காலை நீளமாகவும் மறுகாலைக் குட்டையாகவும் வைத்தாள். பொம்மை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

“அளவு பாக்க மாட்டியா நீ?” என்று மண்ணை அப்பிக் குட்டைக்காலை நீட்டிவிட்டார் மாஸ்டர்.

“எங்கப்பாவுக்கு அப்படித்தான் இருக்கும்” என்றாள் அவள். அதற்குள் அவர் அடுத்த மூக்குக்குப் போய்விட்டிருந்தார்.

மாலையில் அவளுடைய அப்பா வந்தார். தாங்கித் தாங்கி நடந்து, மகளின் பெயர் ஒட்டியிருந்த இடத்தில் நின்றார்.

“யாரும்மா இது?”

“தெரியலப்பா. மாஸ்டர் செஞ்சாரு.”

சொல்லிவிட்டுப் பொம்மையை எடுத்தாள். அப்பியிருந்த மண் இன்னும் காயவில்லை. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு மேசையில் வைத்தாள். பொம்மை சாய்ந்தது.

“இப்பதாம்ப்பா நீ.”

அவர் குனிந்து பொம்மையைப் பார்த்தார். பிறகு மகளின் சடையைப் பிடித்து மெல்ல இழுத்து, “நானேதான்” என்று சிரித்தார்.

இருவரும் நகரும்வரை மாஸ்டரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். வேறொரு குழந்தையின் பெற்றோர் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். மாஸ்டர் அவசர அவசரமாகப் பொம்மையைச் சுவரோரம் நகர்த்தி, குட்டைக்கால் பின்னால் மறையும்படி திருப்பி வைத்தார்.