சூடு இடம் மாறிய மத்தியானம்

சர்வர் அடுக்கின் பின்புறம் நின்றிருந்த என் புறங்கையில் பட்டுக்கொண்டிருந்த அனல், கொஞ்சம் கொஞ்சமாக ஆறிப்போனது. அடுக்கின் மின்சாரத்தை யாரும் அணைக்கவில்லை. பச்சை விளக்குகள் மின்னிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அதுவரை அந்த இரும்புப் பெட்டியின் வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்த வேலை, ஓட்டத்தை நிறுத்தாமலேயே அந்த அறையை விட்டுக் கிளம்பிச் சென்னைப் பக்கம் போய்விட்டிருந்தது. அதைப் போகச் சொன்னவர் ஒரு பயிற்சியாளர். உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர், வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். நான் அவரை அம்மணி என்றுதான் கூப்பிட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக ஏ.சி. தொழிலில் இருக்கிறேன். இப்படி ஒன்றைக் கையால் உணர்ந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது விளங்காது. ஊர் மதுக்கரை. அப்பா சுண்ணாம்புக்கல் உடைத்தார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடையில் தரை பெருக்கச் சேர்ந்தவன், இன்றைக்குக் கோவையில் நகைக்கடை, கல்யாண மண்டபம், மில் என்று எத்தனை இடத்தைக் குளிர வைத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. இஞ்சினியர்கள் கணினியில் போட்டுப் பார்த்துச் சொல்லும் டன் அளவை நான் அறைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டுச் சொல்வேன்; இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். என் குளிர் நின்றது என்று எந்த முதலாளியும் எனக்குப் போன் செய்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அன்னூர் பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே சர்வர் அறைக்குக் குளிர் போடும் வேலை எனக்கு வந்தது. மேனேஜருக்கு என்னைப் பிடிக்கவில்லை. படித்த கம்பெனி எதையாவது கூப்பிடலாம் என்பது அவர் எண்ணம். "ஏனுங்க, இது கல்யாண மண்டபம் இல்லீங்க. ஒருதரம் நின்னாலும் அதோட உங்களுக்கு இந்த கேட்டுக்குள்ள வேலை இல்லீங்க" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் சிரித்தேன். இரண்டு ஏ.சி. போதும் என்ற இடத்தில், ஒன்று படுத்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று மூன்றாகப் போட்டேன். மூன்றுக்குமான அவுட்டோர் யூனிட்டுகளைக் கட்டடத்தின் பின்சுவரில் வரிசையாக மாட்டினேன். செம்புக் குழாய் நீளம் குறைந்தது, பார்க்கவும் ராணுவ அணிவகுப்புப் போல அழகாக இருந்தது. போட்டோ எடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

சில மாதம் கழித்துத்தான் அந்தப் பயிற்சி. ஆலையின் சர்வர்களில் ஓடும் வேலைகளைப் பாதி இங்கேயும் பாதி கிளவுட் என்று அவர்கள் சொன்ன தூரத்துச் சென்னைக் கணினிக் கூடத்திலுமாக வைத்து ஓட்ட, ஆலை ஆட்கள் நாலு பேருக்கு ஐந்து நாள் செய்முறை வகுப்பு. நான் அதில் சேர்த்தி இல்லை. பயிற்சி நேரத்தில் சர்வர்களுக்குச் சுமை கூடும், சூடும் கூடும் என்று அந்த ஐந்து நாளும் என்னைக் கூடவே இருக்கச் சொல்லியிருந்தார்கள். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மணி வெளியே வந்து, "ஐயா, நீங்க ஏனுங்க இங்க உக்காந்திருக்கீங்க?" என்றார். "நான் ஏ.சி.காரனுங்க அம்மணி. படிப்பெல்லாம் இல்லீங்க" என்றேன். "அந்த ரூமுக்குள்ள கை வெக்கறவங்க எல்லாரும் உள்ள உக்காரோணுமுங்க. வாங்க" என்றார். கேள்வி கேட்கிற குரலாக அது இல்லை. எழுந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

முதல் மணி நேரம் ஒன்றும் புரியவில்லை. ஒரே இரும்புப் பெட்டிக்குள் பத்து இயந்திரம் ஓடுகிறது, ஆனால் பத்தும் கண்ணுக்குத் தெரியாது, ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. தொட முடியாததை இயந்திரம் என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. அப்புறம் சட்டென்று பிடிபட்டது. "அம்மணி, மாடியில ஒரே ஒரு பெரிய அவுட்டோர் யூனிட்டு வெச்சு, பத்து ரூமுக்குக் குழாய் இழுப்பமுங்க. ஒவ்வொரு ரூமுக்காரனும் தனக்குன்னு தனி ஏ.சி. இருக்கறதா நெனச்சுக்குவான், ரிமோட்டையும் தனியா வெச்சுக்குவான். அதானுங்களே இது?" என்றேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மணி பலகை முழுவதையும் அழித்துவிட்டு நான் சொன்னதைப் படமாக வரைந்தார். பக்கத்தில் இருந்த, நாலு பேரில் ஒருவரான எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், "ஐயா, நாளைக்கு நீங்களே கிளாஸ் எடுத்துப்போடுவீங்க போல" என்று கிண்டல் செய்தார். எடுத்திருப்பேன், யாரும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அம்மணி ஒன்று சொன்னார். ஒன்று நின்றால் இன்னொன்று உதவட்டும் என்று இரண்டு வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் அந்த இடத்துக்கு வருகிற கெடுதல் இரண்டுக்கும் வரும். அதனால்தான் ஒன்று இங்கே, ஒன்று தூரத்தில். நான் பலமாகத் தலையாட்டினேன். பின்சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருந்த மூன்றும் அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை.

அவர் வேலை வாங்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. யாருடைய மவுஸையும் பிடுங்கி அவரே செய்து காட்ட மாட்டார். நாலு பேரும் பயிற்சிக்கென்று ஆளுக்கு மூன்று இயந்திரம் உண்டாக்கினார்கள், கெடுத்தார்கள், திரும்ப எழுப்பினார்கள். கெடுக்கும்போதெல்லாம் அம்மணி ஒரு தாளை நீட்டுவார். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அவரவர் கைப்பட எழுத வேண்டும். இதற்கிடையில் ஆலையின் நிஜமான வேலைகள் நான்கின் நகலையும் முதல் நாளே தூரத்து இடத்துக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். எந்தப் பேல், அதாவது எந்தப் பஞ்சுப் பொதி, எந்தக் கலவையில் போனது என்ற பதிவு, நூற்பு எந்திரங்களின் கணக்கு, பேக்கிங்கில் லேபிள் அச்சடிப்பது, கேட் பதிவு. இந்த நாலும் கடைசி நாள்தான் நிஜமாக இடம் மாறுவதாக ஏற்பாடு.

மூன்றாம் நாள், சித்திரை வெயில், சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். ஒரு கம்ப்ரஸர் தடக்கென்று நின்ற சத்தம் என் காதுக்கு எட்டியது. போய் ரீசெட் செய்தேன். ஓடி, உடனே நின்றது. சுமை மற்ற இரண்டின் மேல் விழுந்தது. அவையும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சர்வர் அறைக்குள் அனல் ஏறத் தொடங்கியது. பின்சுவருக்கு ஓடினேன். அங்கே பார்த்ததை இன்றும் நினைத்தால் காது சூடாகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கழிவுப் பஞ்சு கொட்டும் கொட்டகை. நான் யூனிட் மாட்டியபோது அது காலியாகக் கிடந்தது. இப்போது அங்கிருந்து பறந்த பஞ்சு மூன்று யூனிட்டின் காயிலையும், சூட்டை வெளியே விடும் அந்தக் குழாய்ச் சுருளை, கம்பளிப் போர்வை போர்த்திய மாதிரி மூடியிருந்தது. உள்ளே போக இடமில்லாமல் காற்று திணறியிருக்கிறது. மூன்றையும் ஒரே சுவரில் மாட்டியவன் நான். மில்லில் பஞ்சு பறக்கும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். குழாய் நீளத்தை மிச்சம் பிடித்த எனக்குத் தெரியாமல் போயிற்று. என் ஆட்கள் இரண்டு பேரையும் பஞ்சைப் பிய்த்தெடுத்துத் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். எப்படி அவசரப்பட்டாலும் ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் அந்த அறை தாங்காது.

உள்ளே மேனேஜர் சட்டையெல்லாம் நனைந்து நின்றார். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, எரிஞ்சுபோட்டா என்னுங்க பண்றது?" என்று கத்தினார். அணைத்தால் லேபிள் நிற்கும், லாரி நிற்கும். அதைவிட, எந்தப் பேல் எந்தக் கலவை என்ற பதிவு நடுவில் அறுந்தால் நூல் கலந்துபோகும், துணி சாயம் ஏறும்போது பட்டை பட்டையாகத் தெரியும். அம்மணி குரலை உயர்த்தவில்லை. "ஆஃப் பண்ண வேண்டாமுங்க. நகத்திரலாம்." பிறகு நாலு பேரையும் பார்த்து, "உங்க பயிற்சி மெஷின் பன்னெண்டையும் அணைச்சுப்போடுங்க. சூடு கொஞ்சம் கொறையட்டும்" என்றார். மூன்று நாள் பாடுபட்டுக் கட்டியது. ஒருவரும் முனகவில்லை. "கடேசி நாள் செய்யறதா இருந்தத இன்னிக்கே செய்யறோம். அவ்வளவுதான். நகல் அங்க இருக்குது. இன்னிக்கு மாறுனது மட்டும் போனாப் போதும். ஆளுக்கு ஒண்ணு."

மவுஸைத் தொடவில்லை அவர். அந்த அனலிலும் தொடவில்லை. சூப்பர்வைசர் திரையைப் படிக்காமலேயே பொத்தானை அழுத்தப் போனபோது, "அவசரமில்லீங்க, திரையில என்ன கேக்குதுன்னு வாசிங்க" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான் கதவோரம், நடந்தது என்னால்தான் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்தவனாக நின்றிருந்தேன். "ஐயா, அடுக்குக்குப் பின்னாடி போய் நில்லுங்க. எந்தத் தட்டு நெம்பக் கொதிக்குதுன்னு கை வெச்சுச் சொல்லுங்க. அதுல இருக்கறத மொதல்ல அனுப்பறோம்."

போய் நின்றேன். "மூணாவதுங்க அம்மணி, அடுப்பாட்டம் இருக்குது" என்றேன். மூன்றாவதில் இருந்தது லேபிள் வேலை. அதன் திரையில் நூல் சுற்றிய கோன்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது, பேக்கிங்கில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்ததால். முந்நூற்றுப் பதினெட்டு, பத்தொன்பது. "போகுதுங்க" என்றார் சூப்பர்வைசர். முந்நூற்று இருபது. கண் சிமிட்டும் நேரம் எண் அசையாமல் நின்றது. இருபத்தொன்று, இருபத்திரண்டு. "போயிருச்சுங்க!" என்று கத்தினார். நான் திரையை நம்பவில்லை. என் கை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அப்போதுதான் நான் முதலில் சொன்னது நடந்தது. மூன்றாம் தட்டின் காற்று ஆறியது. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து ஆட்கள் கிளம்பினால் அறை எப்படி ஆறும் என்று எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடு, சாம்பார் சிந்தாமல், கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும் கையோடு வேறு ஊர் மண்டபத்தில் உட்கார்ந்து, அந்தக் கவளத்தை அங்கே மென்றது போல. சூட்டை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் கொட்டுவதுதான் என் தொழில். ஆயுசு முழுக்க அதைச் செய்தவனுக்கு, அந்தச் சூட்டுக்குக் காரணமான வேலையையே எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியும் என்பது கனவில்கூடத் தோன்றியதில்லை.

அடுத்து ஒன்றாம் தட்டு, பிறகு நாலு, கடைசியாக இரண்டு. ஒவ்வொன்றும் கிளம்பியதை அடுக்கின் பின்னால் நின்று நான் சொல்லச் சொல்ல, அம்மணி முன்னால் நின்று தலையாட்டினார். நாலும் போன பிறகு கதவு தட்டும் சத்தம். பேக்கிங் பகுதி அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். மேனேஜர் முகம் வெளுத்தது. "ஏனுங்க சார், லேபிள் மெஷின்ல பேப்பர் தீந்துபோச்சுங்க. எத்தன நேரமா சொல்லியுடறேன், எல்லாரும் இங்க வந்து கும்பலா நின்னுட்டு இருக்கீங்க?" என்றார். அந்த ஆலையில் அன்று வந்த புகார் அது ஒன்றுதான். அம்மணி அப்போதுதான் சிரித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

ஒரு மணி நேரம் கழித்துக் குளிர் திரும்பியது. எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் உற்சாகத்தில் இருந்தார். என் தோளில்கூடக் கை போட்டார். "வோல்டேஜ் கோளாறாத்தான் இருக்குமுங்க. இந்தப் பக்கம் வெயில் காலத்துல எப்பவும் இப்படித்தான், இல்லீங்களா?" என்றார். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கழுவிய காயிலில் பஞ்சு ஒரு இழைகூட மிச்சமில்லை. என் ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். என் பெயரும் கேட்டுக்குள் நிற்கும்.

அம்மணி வழக்கமான தாளை மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்பதை எழுதி முடித்துவிட்டு, ஏன் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வோல்டேஜ் என்று எழுதினால் வோல்டேஜைச் சரி பண்ணுவார்கள். அடுத்த மாதம் பஞ்சு மறுபடி மூடும். அன்றைக்கு இந்த அம்மணி இங்கே இருக்க மாட்டார். அந்த நாலு பேரும் மூன்று நாளாகத் தாங்கள் கெடுத்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதியதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

"வோல்டேஜ் இல்லீங்க" என்றேன். "மூணு யூனிட்டையும் ஒரே செவுத்துல, பஞ்சுக் கொட்டாய்க்குப் பக்கத்துல மாட்டுனது நானுங்க. பஞ்சு அடைச்சுப்போச்சு. தப்பு என்னுதுங்க."

மேனேஜர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். அம்மணி நான் சொன்னதை அப்படியே எழுதினார். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. தலை நிமிராமலேயே, "எத்தன அடி தள்ளி வெக்கோணுமுங்கய்யா? மூணையும் ஒரே பக்கமா, தனித்தனியாவா?" என்றார்.

வேறு நாளாக இருந்தால் நின்ற இடத்திலேயே ஒரு எண்ணைச் சொல்லியிருப்பேன். "தனித்தனியாங்க. எத்தன அடின்னு அளந்துபோட்டு வாரேனுங்க" என்று டேப்பை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினேன்.