என் மகளும் தாதியாகப் போகிறாள்

நோர்வேயில், புருசெத் என்ற இடத்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், சிஸ்டருடைய அறை யன்னலோரம் ஒரு பழைய படம் நின்றது. கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரனோடு ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. சிஸ்டர் என்று நாங்கள் கூப்பிட்டது, அங்கே இருந்த ஓய்வுபெற்ற நோர்வேஜியத் தாதி ஒருவரை. தொண்ணூறு தாண்டியும் தன் கட்டிலைத் தானே விரிப்பார். நான் விரித்தாலோ மூலையை இழுத்துப் பார்த்து முகத்தைச் சுழிப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அவரைப் பிடிக்கும்.

படத்தில் ஓரமாக நின்றவர் சிஸ்டருடைய தகப்பனின் மூத்த அக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற நேரம். பெண்களைத் தாதிப் பயிற்சிக்கு எடுக்கத் தொடங்கிக் கொஞ்சக் காலந்தான். நல்ல குடும்பத்துப் பெண் அந்நிய ஆண்களின் உடம்பைக் கழுவுவதா என்று வீட்டில் குதித்தார்களாம். அவர் ஒரு பெட்டியோடு வெளிக்கிட்டுப் போய்விட்டார். பயிற்சியென்றால் ஆஸ்பத்திரியிலேயே படுக்கை, விடிந்தால் தரை தேய்ப்பு, கலியாணம் கட்டினால் வேலை இல்லை. கடைசியில் முதுகு போனதுதான் மிச்சம். அவர் வருந்தினாரா என்று ஒருநாள் கேட்டேன். "வருந்த அவளுக்கு எங்கே நேரம்? எனக்கும் இருக்கவில்லை," என்று சொல்லிச் சிஸ்டர் வறட்சியாகச் சிரித்தார்.

என் வீட்டுக் கதையும் அதேதான். யாழ்ப்பாணத்தில் நான் நேர்சிங் என்று வாய் திறந்ததும், "ஊத்தை துடைக்கவோ உன்னைப் படிப்பிச்சனான்? வேண்டாம்!" என்று அப்பா கத்தினார். இங்கே வந்துதான் படித்தேன், மொழியையும் சேர்த்து. இப்போது முதுகும் முழங்காலும் என் சொல் கேட்பதில்லை. வேலை முடிந்து டி-பான் ரயிலில் இருந்தால், கண் சொருகி, இறங்க வேண்டிய இடம் கடந்துபோகும்.

சிஸ்டர் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகிவிட்டன. இந்தக் கோடையில், தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று மகள் வந்து நின்றாள்.

"வேண்டாம்," என்றேன். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

"ஏனம்மா, வெட்கமோ?"

"வெட்கமில்லைப் பிள்ளை. நான் பட்டது போதும்."

"அம்மப்பாவும் உங்களை வேண்டாம் எண்டுதானே சொன்னவர்?"

அவர் வெட்கத்தில் சொன்னார், நான் அலுப்பில் சொன்னேன். கேட்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அன்று முழுக்க எனக்குக் கோபம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவள் படிப்பில் சேர்ந்துகொண்டாள். நான் பிறகு மறிக்கவுமில்லை, வாழ்த்தவுமில்லை. நேற்று வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், "அம்மா, ஒருக்காப் படுங்கோ. படுக்கையில கிடக்கிற ஆக்களைப் புரட்டிப் பழக வேணும்," என்றாள். மறுத்துச் சொல்லக்கூடத் தென்பில்லை, படுத்தேன். என் முழங்காலை மடித்து, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, "இப்ப திருப்பப் போறன்," என்று சொல்லிவிட்டு மெல்லத் திருப்பினாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரை நான் இப்படிப் புரட்டியிருக்கிறேன். என்னை ஒருவரும் புரட்டியதில்லை.

"சரியம்மா, எழும்புங்கோ."

"மற்றப் பக்கமும் ஒருக்காத் திருப்பு பிள்ளை," என்றேன்.